செயின்களுக்கு இடையே ஒரு தொடர்புகூட வரவில்லை, அவசர உதவி

அரைகுறை_பைத்தான்:
வணக்கம். நான்கு துணை அலகுகள் (செயின்கள், அதாவது அமினோ அமிலச் சங்கிலிகள்) உள்ள ஒரு புரதம். எந்த அலகின் எந்த ரெசிட்யூ (சங்கிலியில் ஓர் அமினோ அமிலம்) பக்கத்து அலகின் எந்த ரெசிட்யூவைத் தொடுகிறது என்று பட்டியல் எடுக்க வேண்டும். ஸ்கிரிப்ட் பிழை எதுவும் காட்டாமல் ஓடுகிறது, ஆனால் பட்டியல் காலி. படித்த கட்டுரைகளில் எல்லாம் டிரிப்டோஃபான் 120 (120-ஆவது ரெசிட்யூ) பக்கத்து அலகுக்குள் நீண்டு போய் அங்கே இருக்கும் லிகண்டை (புரதத்தோடு ஒட்டும் சிறு மூலக்கூறு) தொடுகிறது என்று இருக்கிறது. என்னிடம் அது வேறு அலகில் எதையும் தொடவில்லை. கட்ஆஃபை (தொடுகிறது என்று கொள்ளும் தூர எல்லை) கூட்டியும் பார்த்துவிட்டேன். நாளை குழுக் கூட்டத்தில் காட்டியாக வேண்டும். யாராவது சொல்லுங்கள்.

மடிப்புப்பூச்சி:
எந்தப் புரதம்? எந்தப் பிடிபி கோப்பு (அணுக்களின் ஆயங்கள் உள்ள கோப்பு)? எந்த நூலகம்? தூரத்தை எந்த அணுவிலிருந்து எந்த அணுவுக்கு அளக்கிறீர்கள்: ஆல்ஃபா கார்பனா (சங்கிலியின் முதுகெலும்பில் உள்ளது), பீட்டா கார்பனா (பக்கக் கிளையின் முதல் கார்பன்), ஹைட்ரஜன் தவிர்த்த எல்லா அணுக்களுமா? கட்ஆஃப் எவ்வளவு? எதையும் சொல்லாமல் பட்டியல் காலி என்றால் எங்கள் பதிலும் காலிதான்.

நானோவா_ஆங்ஸ்ட்ராமா:
இது அளவுக் குழப்பம்தான், பந்தயம் கட்டுகிறேன். எம்டிடிராஜ் என்ற பைத்தான் நூலகம் தூரத்தை நானோமீட்டரில் தரும். பயோபைத்தான், எம்டிஅனாலிசிஸ் என்ற நூலகங்கள் ஆங்ஸ்ட்ராமில் (நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) தரும். எங்கோ கிடைத்த 0.45-ஐ அப்படியே பயோபைத்தானில் போட்டால் எதுவும் எதையும் தொடாது, ஏனென்றால் அவ்வளவு நெருக்கத்தில் இரண்டு அணுக்கள் இருக்கவே முடியாது. எம்டிடிராஜில் 4.5 போட்டாலோ கிட்டத்தட்ட எல்லாமே எல்லாவற்றையும் தொடும்.

ஹைட்ரஜன்_அன்பர்:
கோப்பில் ஹைட்ரஜன் இருக்காது. எக்ஸ்ரே அமைப்புகளில் பெரும்பாலும் அப்படித்தான். முதலில் ஹைட்ரஜன்களைச் சேர்த்துவிட்டு அப்புறம் தூரம் அளந்து பாருங்கள், நிறைய வரும்.

மடிப்புப்பூச்சி:
@ஹைட்ரஜன்_அன்பர் அது தூரத்தில் ஓர் ஆங்ஸ்ட்ராம் முன்னே பின்னே ஆக்கும், அவ்வளவே. 4.5 என்று கட்ஆஃப் வைப்பதே ஹைட்ரஜன் இல்லாத கணக்கை மனதில் வைத்துத்தான். காலிப் பட்டியலுக்கு அது காரணம் ஆகாது.

மூத்த_மூலக்கூறு:
மாதம் ஒருவர் இந்தக் கேள்வியோடு வருகிறார். கோப்பை ஒருமுறையாவது எடிட்டரில் திறந்து பார்த்தீர்களா? பிடிபி வடிவத்தில் 22-ஆம் பத்தி செயின் பெயர். அந்த ஒரு பத்தியில் கண்ணை ஓட்டினாலே பாதி இழைகள் தேவைப்படாது. அட்டவணை படிக்கத் தெரியாதவர்களுக்குப் பைத்தான் எதற்கு என்று கேட்டால் கோபம் வருகிறது.

இன்செர்ஷன்_கோட்:
எனக்கு எண் வரிசையில்தான் சந்தேகம். கட்டுரையில் 120 என்பது கோப்பிலும் 120-தானா? சில கோப்புகளில் சிக்னல் பகுதியையும் (பின்னால் வெட்டி நீக்கப்படும் முன்பகுதி) சேர்த்து எண்ணியிருப்பார்கள். பயோபைத்தானில் ரெசிட்யூவின் அடையாளம் வெறும் எண் அல்ல, மூன்று துண்டு: ஹெட்டரோ குறி (லிகண்டா, தண்ணீரா என்பது), எண், இன்செர்ஷன் கோட் (ஒரே எண் கொண்டவற்றைப் பிரிக்கும் எழுத்து). 120-ஆவது ரெசிட்யூவின் பெயரை அச்சிட்டுப் பாருங்கள். டிரிப்டோஃபான் என்று வருகிறதா?

அரைகுறை_பைத்தான்:
மன்னிக்கவும், வகுப்பில் இருந்தேன். ஸ்ட்ரெப்டாவிடின், கோப்பு 1எஸ்டிபி. பயோபைத்தான், அதில் அருகிலுள்ள அணுக்களைத் தேடும் நெய்பர்சர்ச். ஹைட்ரஜன் தவிர்த்த அணுக்கள், 4.5 ஆங்ஸ்ட்ராம். 120 டிரிப்டோஃபான்தான். ஒரே செயினுக்குள் உள்ள தொடர்புகள் சரியாக வருகின்றன, டிரிப்டோஃபான் 79, 92, 108 மூன்றும் பயோட்டின் (இதன் லிகண்ட்) பக்கம் வருகின்றன. செயின் பெயர் வேறு வேறாக இருந்தால் மட்டும் சேர் என்று நிபந்தனை வைத்த இடத்தில்தான் காலி.

பீட்டா_பீப்பாய்:
1எஸ்டிபி என்று முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரே பதிலில் முடிந்திருக்கும். அந்தக் கோப்பில் இருப்பது ஒரே ஒரு செயின். வேறு செயினே இல்லாதபோது வேறு செயினோடு தொடர்பு எங்கிருந்து வரும்?

புரதம் நால்படிதான் (நான்கு செயின்கள் சேர்ந்தது), அதில் சந்தேகமில்லை. ஆனால் கோப்பில் வைப்பது படிகத்தின் சமச்சீரற்ற அலகை, அதாவது சமச்சீர் செயல்களால் பெருக்கினால் முழுப் படிகமும் வரும் சிறு துண்டை, மட்டும். இந்தப் படிகத்தின் இடக்குழு (சமச்சீர் வகை) ஐ222. அதில் இரட்டைச் சுழற்சி அச்சுகள் மூன்று ஒரு புள்ளியில் சந்திக்கின்றன, நால்படி அந்தப் புள்ளியைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. ஒரு செயினின் ஆயங்கள் தெரிந்தால் மற்ற மூன்றையும் சுழற்றிப் பெறலாம் என்பதால் அவற்றை எழுதவில்லை. சுழற்றும் அணிகள் கோப்பின் ரிமார்க் 350 என்ற குறிப்பு வரிகளில் இருக்கின்றன.

கையால் சுழற்ற வேண்டாம். உயிரியல் தொகுப்பு, அதாவது பயாலஜிக்கல் அசெம்ப்ளி 1, தனிக் கோப்பாகவே தரவிறக்கக் கிடைக்கும். கிமேராஎக்ஸ் என்ற காட்சி மென்பொருளில் சிம் கட்டளையிலும் செய்யலாம்.

ஆல்ஃபாஃபோல்ட்_ஆர்வலர்:
இந்தப் பழைய கோப்போடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? ஆல்ஃபாஃபோல்ட் (கணினி கணித்த புரத அமைப்புகள்) தரவுத்தளத்திலிருந்து எடுத்துவிடுங்கள், சுத்தமாக இருக்கும்.

பீட்டா_பீப்பாய்:
அங்கே எடுப்பதும் ஒற்றைச் செயின்தானே. லிகண்டும் இருக்காது. இப்போது இருக்கும் பயோட்டினையும் தொலைத்துவிட்டு நிற்பார். போதாததற்கு, வழக்கமாக அணு அதிர்வைக் காட்டும் பி-ஃபாக்டர் பத்தியில் இருப்பது நம்பகத்தன்மை மதிப்பெண், அதை அதிர்வு என்று படித்து இன்னொரு இழை தொடங்குவார்.

அரைகுறை_பைத்தான்:
அசெம்ப்ளி கோப்பை எடுத்தேன். பிடிபி1 என்று முடிகிறது. பைமாலில் (புரதம் பார்க்கும் மென்பொருள்) திறந்தால் ஒரு செயின்தான் தெரிகிறது, ஸ்கிரிப்டிலும் மறுபடி காலி!!

மடிப்புப்பூச்சி:
அடுத்த பொறி இதுதான். பழைய பிடிபி வடிவ அசெம்ப்ளி கோப்பில் நான்கு பிரதிகளும் மாடல் 1, 2, 3, 4 என்று பிரிந்திருக்கும், எல்லாவற்றுக்கும் செயின் பெயர் ஏ. என்எம்ஆர் (காந்த ஒத்ததிர்வு முறை) கோப்பில் ஒரே மூலக்கூறின் பல வடிவங்களை வைப்பார்களே, அதே ஏற்பாட்டை இங்கே வேறு வேலைக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பைமால் அவற்றை ஸ்டேட்களாக எடுத்துக்கொண்டு ஒன்றை மட்டும் காட்டுகிறது. ஸ்பிளிட் ஸ்டேட்ஸ் கட்டளை கொடுங்கள், நான்கும் வரும்.

ஸ்கிரிப்டில் மாடல் 0-ஐ மட்டும் எடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், எல்லா எடுத்துக்காட்டுகளிலும் அப்படித்தான் இருக்கும். எல்லா மாடல்களின் அணுக்களையும் ஒரே பட்டியலாக நெய்பர்சர்ச்சுக்குக் கொடுங்கள். செயின் பெயரை ஒப்பிடாதீர்கள், நான்கும் ஏ. ரெசிட்யூவின் முழு அடையாளத்தில் மாடல் எண்ணும் இருக்கும், மாடலையும் செயினையும் சேர்த்து ஒப்பிடுங்கள். இந்தத் தொல்லை வேண்டாம் என்றால் அசெம்ப்ளியை எம்எம்சிஐஎஃப் என்ற புது வடிவில் எடுங்கள், அதில் பிரதிகளுக்குத் தனித்தனிச் செயின் பெயர்கள் இருக்கும். தண்ணீரை நீக்குங்கள், ஆனால் ஹெட்டரோ எல்லாவற்றையும் நீக்கிவிடாதீர்கள், பயோட்டினும் சேர்ந்து போய்விடும்.

தொடர்பு_வரைபடம்:
போகிற போக்கில் ஒன்று. 4.5 வேண்டாம். பீட்டா கார்பன்களுக்கு இடையே 8 ஆங்ஸ்ட்ராம், கிளைசினுக்கு மட்டும் ஆல்ஃபா கார்பன். காஸ்ப் என்ற புரத அமைப்புக் கணிப்புப் போட்டியில் தொடர்புக் கணிப்பை மதிப்பிட்டது இந்த வரையறையில்தான். வேகமாக ஓடும், சைடு செயின் (ரெசிட்யூவின் பக்கக் கிளை) சரியாகத் தெரியாத கோப்பிலும் நிலையாக இருக்கும்.

பீட்டா_பீப்பாய்:
கணிப்பை மதிப்பிட அது சரி. இவர் கேட்பது யார் யாரைத் தொடுகிறார்கள் என்பது. அர்ஜினின் நுனியும் குளூட்டமேட் நுனியும் எதிரெதிர் மின்னூட்டத்தால் ஈர்க்கப்பட்டு உப்புப் பாலம் போட்டிருக்கும்போது பீட்டா கார்பன்கள் 8-ஐத் தாண்டித் தள்ளி நிற்கலாம். உங்கள் வரைபடத்தில் அந்தப் பாலம் கிடையாது. டிரிப்டோஃபான் மாதிரி நீண்ட சைடு செயினுக்கும் இதே கதை, இங்கே கேள்வியே டிரிப்டோஃபானைப் பற்றி. தவிர, லிகண்டுக்குப் பீட்டா கார்பனை எங்கே தேடுவது?

தொடர்பு_வரைபடம்:
4.5 மட்டும் வேதத்தில் எழுதியிருக்கிறதா? சிலர் 4 என்கிறார்கள், சிலர் 5, இன்னும் சிலர் 6.

பீட்டா_பீப்பாய்:
வேதத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது. கார்பனின் வான்டர்வால்ஸ் ஆரம் (அணுவின் வெளி எல்லை) 1.7 ஆங்ஸ்ட்ராம், இரண்டு தொட்டால் 3.4. ஆயப் பிழைக்கும் அசைவுக்கும் கொஞ்சம் இடம் விட்டால் 4-இலிருந்து 5-க்குள். தண்ணீர் மூலக்கூறின் விட்டம் ஏறக்குறைய 2.8. 3.4-ஓடு அதைக் கூட்டினால் 6.2. ஆக 6-ஐத் தாண்டினால் நடுவில் ஒரு தண்ணீர் நுழைய இடம் கிடைத்துவிடுகிறது, அப்புறம் அதைத் தொடுதல் என்று எப்படிச் சொல்வது?

மூத்த_மூலக்கூறு:
இரண்டு பேரும் ஒற்றை எண்ணைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். ஹைட்ரஜன் பிணைப்புக்கு 3.5-உம் கோணமும், உப்புப் பாலத்துக்கு 4, டைசல்ஃபைடுக்குக் கந்தகங்களுக்கு இடையே ஏறக்குறைய 2.05. வகை பிரிக்காத தொடர்புப் பட்டியல் வெறும் எண்ணிக்கை. இதை நான் எத்தனையோ இழைகளில் சொல்லியாயிற்று. இன்னொன்று, 1எஸ்டிபியின் பிரிதிறன் 2.6 ஆங்ஸ்ட்ராம். 4.4-க்கும் 4.6-க்கும் வேறுபாடு சொல்லும் தெளிவு அந்தக் கோப்பிலேயே இல்லை, நீங்கள் அதில் சண்டை போடுகிறீர்கள்.

மடிப்புப்பூச்சி:
மூத்தவர் கடைசியில் சொன்னது சரி. கட்ஆஃபை 4, 4.5, 5 என்று மாற்றி மூன்றிலும் நிற்கும் தொடர்புகளை முதலில் நம்புங்கள். எல்லையில் வந்து வந்து போகிறவற்றைப் பைமாலில் கண்ணால் பாருங்கள்.

இன்செர்ஷன்_கோட்:
@அரைகுறை_பைத்தான் உங்கள் ஸ்கிரிப்டில் வரிசை இடைவெளி வடிகட்டி இருக்கிறதா? எண் வித்தியாசம் 3-க்குக் குறைவாக இருந்தால் தள்ளிவிடு என்று எல்லோரும் வைப்பார்கள், அடுத்தடுத்த ரெசிட்யூக்கள் எப்படியும் தொட்டுக்கொண்டுதான் இருக்கும் என்பதால். அது ஒரே செயினுக்குள் மட்டும் பொருந்தும். ஒரே மாதிரி அலகுகள் சேர்ந்த புரதத்தில் சுழற்சி அச்சின் மேலேயே உட்கார்ந்திருக்கும் ரெசிட்யூ தன் சொந்தப் பிரதியைத் தொடும். வித்தியாசம் பூஜ்யம், வடிகட்டி அதைத் தூக்கி எறிந்துவிடும். ஸ்ட்ரெப்டாவிடினில் ஹிஸ்டிடின் 127 இப்படிப்பட்டது. அது பட்டியலில் இல்லை என்றால் வடிகட்டியைச் சந்தேகியுங்கள்.

நானோவா_ஆங்ஸ்ட்ராமா:
இதெல்லாம் சரி, 4.5-ஐ எங்கிருந்து எடுத்தார் என்று இன்னும் சொல்லவில்லை.

அரைகுறை_பைத்தான்:
வந்துவிட்டது. டிரிப்டோஃபான் 120 பக்கத்து அலகின் பயோட்டினோடு வருகிறது. வடிகட்டியை மாற்றியதும் 127-உம் வந்தது. எல்லோருக்கும் நன்றி, ஓடுகிறேன்.

மடிப்புப்பூச்சி:
திருத்திய ஸ்கிரிப்டை இங்கே ஒட்டிவிட்டுப் போங்கள், அடுத்து வருபவருக்கு உதவும்.

ஆல்ஃபாஃபோல்ட்_ஆர்வலர்:
ஆல்ஃபாஃபோல்ட் மல்டிமரில் (பல செயின்களைச் சேர்த்துக் கணிப்பது) நான்கு செயின் கொடுத்து ஓட்டியிருந்தால் இவ்வளவு சுற்று இருந்திருக்காது என்பதையும் பதிவு செய்கிறேன்.

பீட்டா_பீப்பாய்:
கணித்ததைச் சரிபார்க்க மறுபடி 1எஸ்டிபிக்குத்தான் வர வேண்டியிருந்திருக்கும்.

கரைசல்_காரன்:
எனக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. என் கோப்பில் இரண்டு செயின்கள், இடையே தொடர்புகள் ஏராளம். ஆனால் கரைசலில் இந்தப் புரதம் ஒற்றைப்படி என்கிறார்கள். யார் சொல்வது சரி?

மடிப்புப்பூச்சி:
இரண்டுமே சரியாக இருக்கலாம். படிகத்துக்குள் பக்கத்தில் அடுக்கப்பட்டதாலேயே தொட்டுக்கொண்டிருக்கும் செயின்கள் உண்டு, செல்லுக்குள் அந்தத் தொடர்புக்கு வேலை இல்லை. ரிமார்க் 350-இல் தொகுப்பு ஒற்றைப்படியா இருபடியா, அதை ஆசிரியர்கள் சொன்னதா மென்பொருள் சொன்னதா என்று பாருங்கள். பீசா என்ற இடைமுக ஆய்வுக் கருவியில் கொடுத்து, இடைமுகத்தில் எவ்வளவு பரப்பு புதைகிறது என்பதையும் பாருங்கள். மற்றதைப் புது இழையில் பேசலாம், கோப்பின் பெயரோடு வாருங்கள்.