மொறிஸ் மைனர்: புஷ் எல்லாம் மாத்தின பிறகு முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிக்குது

சுன்னாகம்_மைனர்:
வணக்கம் எல்லாருக்கும். என்னட்ட 1959 மொறிஸ் மைனர் 1000 ஒண்டு இருக்கு, நாலு கதவு, அப்பா ஓடின கார், இப்பவும் அதே 948 சிசி எஞ்சின்தான். போன மாசம் முன்பக்கம் முழுக்கக் கழட்டி ரெண்டு பக்கமும் ஐ போல்ட் புஷ், டை பார் புஷ் (சில்லைப் பிடிக்கிற ஆர்ம், கம்பியளின்ர மூட்டில வாற ரப்பர்), கீழ் ட்ரனியன் (சில்லு திரும்பிற கீழ் மூட்டு) எல்லாம் புதுசு போட்டு, லீவர் ஷொக் (ஆட்டத்தை அமத்திற ஒயில் ஷொக்) ரெண்டையும் ஒயில் சீல் மாத்தி எடுத்துப் பூட்டினனான். வேலை செய்தது நானும் மச்சானும், ரெண்டு பேரும் மெக்கானிக் இல்லை எண்டதையும் சொல்லிப்போடுறன். இப்ப என்னண்டா கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிக்குது, அதுவும் இடப்பக்கம் வலப்பக்கத்தை விட ஒண்டரை இஞ்சி உயரம் (நிலத்தில இருந்து மட்கார்ட் விளிம்புக்கு அளந்தனான்). சின்னக் குழியில விழுந்தாலும் கட்டை வண்டில் மாதிரி அடிக்குது. டோர்ஷன் பார் (முன்னுக்கு ஸ்பிரிங் வேலை செய்யிற முறுகு கம்பி) ரெண்டும் பழசுதான், மாத்தேல்லை. எங்க பிழை விட்டனாங்கள்?

வவுனியா_ரைடர்:
புதுசு பூட்டினா அப்பிடித்தான் நிக்கும் ப்ரோ, நாலைஞ்சு நாள் ஓடினா தானா இருந்திடும். இல்லாட்டி இடப்பக்க டோர்ஷன் பாரை ஒரு பல்லு மாத்திப் பூட்டுங்கோ, இறங்கிடும்.

பழைய_கராஜ்:
தம்பி, பாரில இப்ப கை வைக்காதைங்கோ. பழைய பார், பழைய பல்லு, முந்தி சரியா நிண்ட கார் எண்டா பார் ஒரு இரவில பலம் கூடி வராது. ஒரு பல்லு மாத்தினா உயரம் கொஞ்ச நஞ்சமில்லை, நல்லாவே மாறும், பேந்து உண்மையான பிழையைக் கண்டுபிடிக்கவும் ஏலாது.

எனக்கு ஒண்டு சொல்லுங்கோ. ஐ போல்ட் நட்டையும் டை பார் நட்டையும் கடைசியா இறுக்கேக்க கார் எப்பிடி நிண்டது? ஜக்கில தூக்கி சில்லு தொங்கேக்கயா இறுக்கினீங்கள்? அப்பிடியெண்டா அதுதான் சங்கதி. அந்த ரப்பர் புஷ் சுத்துற பெயாரிங் இல்லை, நட்டை இறுக்கினா ரப்பர் நெரிபட்டு அந்த நிலையிலேயே பிடிச்சுக்கொள்ளும், பிறகு ஆர்ம் மேல கீழ போகேக்க ரப்பர்தான் முறுகிக் குடுக்கிறது. சில்லு தொங்கிற நிலையில இறுக்கிப்போட்டு காரை நிலத்தில விட்டா, ரப்பர் ஆர்மைத் திருப்பிக் கீழ தள்ளிக்கொண்டே நிக்கும். டோர்ஷன் பாரோட சேர்த்து இன்னொரு ஸ்பிரிங் போட்ட மாதிரி. அதாலதான் உயரம், அதாலதான் அடியும். ஓடினா இருந்திடும் எண்டது ஒரு விதத்தில சரிதான், ரப்பர் கிழிஞ்ச பிறகு இருந்திடும்!

செய்ய வேண்டியது: காரை சமதரையில நாலு சில்லிலயும் நிக்க விட்டு, பொனட்டைப் பிடிச்சு நாலைஞ்சு தரம் அமத்தி ஆட்டிப்போட்டு, அந்த நிலையில ரெண்டு நட்டையும் இளக்கி, திரும்ப ஒருக்கா ஆட்டி, பேந்து இறுக்குங்கோ. கீழ பூர இடமில்லை எண்டா முன் சில்லு ரெண்டுக்கும் கீழ ஒரே உயரக் கட்டை வையுங்கோ. ஜக்கில தூக்கி வச்சுக்கொண்டு செய்யக்கூடாது.

கேக்க மறந்தது, பார் ரெண்டையும் வெளிய எடுத்தனீங்களோ? எடுத்திருந்தா இடது வலது மாறாமப் போட்டனீங்களோ? ஒரு பக்கமா முறுகிப் பழகின பாரை மற்றப் பக்கம் போட்டா எதிர்ப்பக்கமா முறுகும், பேந்து தளந்து போகும், முறியவும் கூடும்.

சுன்னாகம்_மைனர்:
ஐயோ அண்ணை, ரெண்டு பக்கமும் ஸ்டாண்டில வச்சுத்தான் இறுக்கினனாங்கள், மச்சான் இடப்பக்கம் ஸ்பானரில பைப் போட்டு இழுத்தவன் வேற. பாருக்குப் பெயின்ட் குறி போட்டுத்தான் எடுத்தது, மாறேல்லை.

கொழும்பு_ஓல்டி:
பழைய கராஜ் அண்ணை சொன்னது சரி, ஆனா அளக்கிற விதத்தையும் மாத்துங்கோ. நிலத்தில இருந்து அளந்தா ரயர்க் காத்து, தேய்மானம், தரைச் சரிவு எல்லாம் கணக்கில வந்திடும். சில்லு நடு மையத்தில இருந்து மேல மட்கார்ட் விளிம்புக்கு அளவுங்கோ, காருக்குள்ள ஆள் இருக்கக் கூடாது, பின் டிக்கிக்குள்ள சாமானும் வேண்டாம்.

இன்னொண்டு, ஒரு மூலை உயரமா நிண்டா குற்றவாளி அந்த மூலைதான் எண்டில்லை. பின் வலது லீஃப் ஸ்பிரிங் (தகடு அடுக்கின ஸ்பிரிங்) படுத்திருந்தா கார் அந்த மூலைக்குச் சரியும், எதிர்மூலை முன் இடது மேல கிளம்பும். நாலு கால் மேசையில ஒரு கால் கட்டையானா எப்பிடியோ அப்பிடி. சோதிக்கிறது லேசு: பின் டிஃபரன்ஷலுக்கு (பின் அச்சின்ர நடுவில இருக்கிற பல்லுப் பெட்டி) நேர நடுவில ஜக் வச்சு சில்லு நிலத்தை விட்டு எழும்பிற அளவு மட்டும் தூக்குங்கோ, முன் சில்லுக்கு ரெண்டு பக்கமும் கல்லு வையுங்கோ, காருக்குக் கீழ ஆரும் பூரக்கூடாது. இப்ப முன்பக்கம் ரெண்டும் சமனா வந்தா முன்னுக்குப் பிழை இல்லை, பின்னுக்குப் போய்ப் பாருங்கோ. அப்பவும் கோணலா நிண்டா முன்னுக்குத்தான்.

சுன்னாகம்_மைனர்:
ஞாயிற்றுக்கிழமை முழுக்க உதோடதான் போச்சு. நட்டை இளக்கேக்க இடப்பக்கம் "டக்" எண்டு சத்தத்தோட இறங்கினது, மச்சான் ஓடிப்போட்டான். இடது ஒண்டேகால் இஞ்சி இறங்கினது, வலது அரை இஞ்சி. அடிக்கிறதும் போச்சு, இப்ப பழைய மைனர் மாதிரியே போகுது. ஆனா இடது இன்னும் முக்கால் இஞ்சி கூட. பேந்து கொழும்பு அண்ணை சொன்ன மாதிரி டிஃபுக்கு நடுவில தூக்கினன், முன்பக்கம் ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்டா வந்திட்டுது! பின் வலது லீஃபைக் கழுவிப் பாத்தா ரெண்டாவது தகடு வெடிச்சு ரெண்டாக் கிடக்கு, மண்ணும் கிரீசும் மூடி இவ்வளவு நாளும் தெரியேல்லை. அப்பா காலத்தில அரிசி மூட்டை ஏத்தின கார், அதின்ர கணக்கு இப்பதான் வருது போல. தகடு அடிச்சுத் தாற ஒராள் மருதனார்மடத்தில இருக்கிறார், வலது மட்டும் குடுத்தாக் காணுமோ?

பழைய_கராஜ்:
ரெண்டையும் குடுங்கோ தம்பி. ஒண்டு புது வளைவு, மற்றது பழைய வளைவு எண்டா அடுத்த மாசம் வலது உயரம் எண்டு திரும்ப இஞ்ச வருவியள். பூட்டேக்க லீஃப் கண் புஷ்ஷுக்கும் அதே கதைதான், கார் நிலத்தில நிக்கேக்க இறுக்கோணும். எல்லாம் முடிஞ்ச பிறகு டோ (முன் சில்லு ரெண்டும் உள்ளுக்கோ வெளியவோ திரும்பி நிக்கிற அளவு) பாத்துப்போடுங்கோ, உயரம் மாறினா அதுவும் மாறும். ட்ரனியனுக்குக் கிரீஸ் அடிச்சனீங்களோ? கிரீஸ் இல்லாமத் தேய்ஞ்சா மைனரில சில்லே மடங்கி விழும், அதை மறக்காதைங்கோ.

சுன்னாகம்_மைனர்:
அடிச்சனான் அண்ணை. மச்சானிட்ட இருந்து பைப்பைப் பறிச்சு ஒளிச்சும் வச்சிட்டன்.