கொடை எலும்பு ஆறும் முறைக்கு ஒரு சொல்: 'படரீடு'

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். கொடையாளர் எலும்பைக் கொண்டு செய்யப்படும் ஒட்டு அறுவை பற்றிய நோயாளர் கையேட்டில் 'திசுப் பொருத்தம்', 'எலும்பு ஒவ்வுமை' ஆகிய இரண்டில் எதை ஆள்வது என்று நடந்துவரும் உரையாடலைத் தொடர்ந்து படித்து வருகிறேன். இரண்டுமே இந்த இடத்துக்கு உரியவை அல்ல என்று எனக்குப் படுகிறது. காரணம் சொல்லுக்குள் இல்லை. கொடை எலும்பு உடலுக்குள் போனபின் என்ன ஆகிறது என்பதில் இருக்கிறது.

சிறுநீரக மாற்றில் வருவது உயிருள்ள உறுப்பு. அதன் செல்கள் வாழ்ந்தால்தான் பயன் என்பதால் இரத்தப் பிரிவையும் எச்.எல்.ஏ. (ஆளுக்கு ஆள் வேறுபடும், செல்லின் மேற்பரப்புப் புரத அடையாளம்) வகையையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பிறகு தடுப்பாற்றலைத் தணிக்கும் மருந்துகளையும் தொடர்ந்து கொடுக்கிறார்கள். அங்கே 'திசுப் பொருத்தம்' மிகச் சரியான சொல். சாதகப் பொருத்தம் பார்த்துப் பழகியவர்கள் நாம்; பொருத்தம் என்றதும், இரு தரப்பையும் முன்கூட்டியே வைத்து ஒப்பிடுவது என்று எவருக்கும் விளங்கிவிடும்.

எலும்பு வங்கியிலிருந்து வரும் எலும்புக்கு வழக்கமாக எச்.எல்.ஏ. பொருத்தம் பார்ப்பதில்லை. இடுப்பு மூட்டு மாற்றின்போது அகற்றப்படும் தொடையெலும்புத் தலையோ, இறந்தவரிடமிருந்து பெற்ற நீள எலும்போ, மஜ்ஜையும் இரத்தமும் போகக் கழுவப்பட்டு ஆழ்குளிரில் உறைய வைக்கப்படுகிறது, அல்லது உறைந்த நிலையிலேயே உலர்த்தப்படுகிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 1988 முதல் இயங்கும் திசு வங்கி போன்ற இடங்களில் அதைக் காமாக் கதிரால் கிருமி நீக்குகிறார்கள். இதற்கு 25 கிலோகிரே (கிரே என்பது கதிர் ஏற்பளவின் அலகு) என்பது பரவலாகக் கைக்கொள்ளப்படும் அளவு. தடுப்பாற்றல் பகையாகக் காண்பது பெரும்பாலும் மஜ்ஜையிலும் இரத்தத்திலும் உள்ள செல்களைத்தான். அவை போனபின் எஞ்சுவது சுண்ணச் சத்தும் கொலாஜன் என்ற நார்ப் புரதமும் சேர்ந்த சட்டகம். பயிற்சிக்காக வைத்திருந்த உலர்துண்டு ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். சுண்ணாம்புக் கட்டி போல வெளுத்து, எடையே தெரியாமல், விரலில் மாவு ஒட்டும்படி இருந்தது. உப்புநீரில் இட்டதும் நுண்துளைகளிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழிகள் எழுந்தன.

உடல் அதைக் கண்டுகொள்வதே இல்லை என்று கையேட்டில் எழுதிவிடவும் கூடாது. உறைய வைத்த எலும்பைப் பெற்றவர்களில் சிலருக்கு எச்.எல்.ஏ.வுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் உண்டாகின்றன. பின்னாளில் அவர்களுக்கு உறுப்பு மாற்று தேவைப்பட்டால் ஏற்ற கொடையாளரைக் கண்டறிவது கடினமாகலாம். ஆர்.எச். எதிர்மறை இரத்தமுடைய, இனிக் கருவுறக்கூடிய பெண்ணுக்கு ஆர்.எச். நேர்மறைக் கொடையாளரின் எலும்பை வைப்பதைத் தவிர்ப்பதும் இதுபோன்ற எதிர்ப்பொருள்கள் உண்டாகாமல் இருக்கத்தான். இந்த ஒன்றுக்குப் 'பொருத்தம்' என்ற சொல்லைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

'ஒவ்வுமை' கேட்பதற்கு இனிய சொல் என்பதை மறுக்கவில்லை. ஆனால் 'ஒவ்வாமை' என்றால் அலர்ஜி என்று பொதுவழக்கில் நிலைபெற்றுவிட்டது. வரைவுக் கையேட்டைப் படித்துக் காட்டியபோது, மகனின் கால் எலும்பில் கட்டி அகற்றவிருந்த ஒரு தாய் அந்தச் சொல்லில் நிறுத்தி, "அவனுக்குக் கத்தரிக்காய் ஒத்துக்காதுங்க, அதனால ஏதும் ஆகுமா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை. பிழை எங்கள் சொல்லில் இருந்தது. அடுத்து அவர் கேட்டது இன்னும் முக்கியமானது: "அந்த எலும்பு உள்ளே போய் உயிர் பிடிச்சுக்குமா?"

ஒட்டுமாங்கன்றை மனத்தில் வைத்துத்தான் அப்படிக் கேட்டிருப்பார். ஒட்டுமாவில் வைத்த கிளைதான் தழைக்கிறது. கொடை எலும்பிலோ நேர் எதிர்: வைத்தது உயிர் பெறுவதில்லை, பெற்றவரின் எலும்பு அதற்குள் படர்கிறது. முதலில் இரத்த நுண்குழாய்கள் நுழைகின்றன. எலும்பைக் கரைக்கும் செல்கள் பழையதை அரித்துச் செல்ல, எலும்பை ஆக்கும் செல்கள் பின்னாலேயே புதியதை இட்டு நிரப்புகின்றன. அமெரிக்க அறுவை மருத்துவர் டல்லாஸ் பெமிஸ்டர் 1914இல் எழுதிய கட்டுரைக்குப் பின் 'கிரீப்பிங் சப்ஸ்டிடியூஷன்' (ஊர்ந்து இடம்பிடித்தல்) என்ற பெயர் இதற்கு ஆங்கிலத்தில் பரவியது. நமக்கு உண்மையில் வேண்டியது இதற்கான சொல்தான்.

'ஊர்ந்து பதிலிடல்' என்று ஒரு நண்பர் முன்வைத்தார். பதிலிடல் என்பது இன்று மடலுக்கும் பின்னூட்டத்துக்கும் உரிய சொல்லாகிவிட்டது. 'முழுமாற்று' என்பது உண்மைக்கே புறம்பானது. கடற்பஞ்சு போன்ற உள்ளெலும்புத் துண்டுகள் பெரும்பாலும் முழுதாக மாறிவிடுகின்றன; ஆனால் தொடையெலும்பின் நடுத்தண்டு போன்ற கெட்டியான பெரிய துண்டுகளைப் பல ஆண்டுகள் கழித்து எடுத்து ஆய்ந்தபோது, புது எலும்பு இணைப்பு முனைகளிலும் மேற்பரப்பிலும் மட்டுமே ஊன்றியிருந்தது, உள்ளே பழைய சட்டகம் அப்படியே கிடந்தது. ஆகவே, நடப்பதைச் சொல்லி, முடிந்துவிட்டதாக வாக்களிக்காத சொல் தேவை. படர் + ஈடு = 'படரீடு' என்று முன்மொழிகிறேன். இது வினைத்தொகை; இழப்பீடு, மாற்றீடு ஆகியவற்றோடு ஒரே வரிசையில் நிற்கும். படர்வது எவ்வளவு தூரமும் இருக்கலாம், பாதியில் நிற்கவும் செய்யலாம். ஈடு என்பதில், ஒன்று போன இடத்தை மற்றொன்று நிரப்புகிறது என்ற பொருள் தானே வருகிறது.

'ஒட்டு' என்ற சொல்லை மாற்ற வேண்டாம்; அது வேரூன்றிவிட்டது. தன் எலும்பு என்றால் தன்னொட்டு, பிற மனிதருடையது என்றால் பிறரொட்டு, விலங்கினுடையது என்றால் விலங்கொட்டு எனலாம். 'ஓரின ஒட்டு' என்று பழைய அகராதியைக் காட்டியவர்களுக்கு ஒரு செய்தி: ஆங்கிலத்திலேயே 'ஹோமோகிராஃப்ட்' (ஓரின ஒட்டு) என்று வழங்கிவந்ததை 1960களில் கைவிட்டு 'அலோகிராஃப்ட்' (பிறரொட்டு) என்று மாற்றிக்கொண்டார்கள்.

கையேட்டின் வரியை இப்படித் திருத்தியிருக்கிறேன்: "உங்களுக்கு வைக்கப்படும் பிறரொட்டில் உயிருள்ள செல்கள் இல்லை, ஆகவே தடுப்பாற்றலைத் தணிக்கும் மருந்து தேவையில்லை. உங்கள் எலும்பே அதன்மீது மெல்ல வளர்ந்து அதன் இடத்தைப் பிடிக்கும். இதற்குப் படரீடு என்று பெயர். இதற்குப் பல மாதங்களோ ஆண்டுகளோ ஆகலாம். பெரிய துண்டுகளில் ஒரு பகுதி மாறாமலே இருந்து தாங்கும்."

இதன் வினை வடிவம் 'படரீடாகும்' என்று இருக்கலாமா, 'படரீடுறும்' என்பது மேலா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. எலும்பு, திசு, தடுப்பாற்றல் ஆகியவற்றை என்பு, இழையம், நிர்ப்பீடனம் என்று எழுதிவரும் இலங்கை நண்பர்களுக்கு 'என்புப் படரீடு' நாவில் இயல்பாக வருகிறதா என்பதையும் அவர்களே சொல்ல வேண்டுகிறேன்.