கல்லும் கணக்கிடுகிறதா?

கேள்வி:
எதையெல்லாம் கணக்கிட முடியும் என்பதற்கு 1936-ல் கணிதவியலாளர் ஆலன் டூரிங் ஒரு வரையறை தந்துவிட்டார், சரி. ஆனால் இந்தப் பொருள் கணக்கிடுகிறது, அந்தப் பொருள் கணக்கிடவில்லை என்று எதை வைத்துப் பிரிப்பது? கல்லுக்குள்ளும் அணுக்கள் நிலை மாறிக்கொண்டேதான் இருக்கின்றன. அதுவும் கணக்கிடுவதுதானா?

பதில் 1:
தத்துவவாதி ஹிலரி புட்னம் 1988-லேயே இதைக் கிளப்பினார். நிலைகளுக்கு நம் இஷ்டப்படி பெயர் வைத்தால் கல்கூட எந்த நிரலையும் (கணினி புரோகிராமையும்) ஓட்டுவதாகக் காட்டிவிடலாம்.

பதில் 2:
அதை ஏற்க முடியாது. தத்துவவாதி டேவிட் சால்மர்ஸ் சொன்ன மறுப்புதான் சரி: நடந்து முடிந்த ஒரு வரிசைக்குப் பெயர் ஒட்டினால் போதாது, உள்ளீடு வேறாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதும் பொருந்த வேண்டும். கால்குலேட்டரில் 2+3-க்குப் பதில் 2+4 அழுத்தியிருந்தால் 6 வந்திருக்கும்.

பதில் 3:
இந்த நிபந்தனையை வைத்தால் கல் விலகிவிடும், ஆனால் சிக்கல் தீராது. ஒரு லாஜிக் கேட்டை (0, 1 உள்ளீடுகளை வாங்கி 0 அல்லது 1 தரும் சிறிய மின்சுற்றை) எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு உள்ளீட்டிலும் 5 வோல்ட் இருந்தால்தான் வெளியே 5 வோல்ட், இல்லையென்றால் 0. 5 வோல்ட்டை 1 என்று படித்தால் அது ஆண்ட் கேட், அதாவது இரண்டு உள்ளீடும் 1 என்றால்தான் 1 தரும். 0 வோல்ட்டை 1 என்று படித்தால் அதே சில்லு ஆர் கேட், அதாவது ஒரு உள்ளீடு 1 என்றாலே 1 தரும். உள்ளே எதுவுமே மாறவில்லை! அப்புறம், எதோடு இணைத்து எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதைச் சேர்க்காமல் அது எதைக் கணக்கிடுகிறது என்று எப்படிச் சொல்வது?