காரைக்குடியில் இருந்து ரெண்டு நாள் குகைப் பயணம்: எங்கே போறது, என்ன எடுத்துட்டுப் போறது?

கோட்டையூர்க்காரன்:
மொத்தம் ஆறு பேர், யாருக்கும் குகை அனுபவம் கிடையாது. பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, திருமயம் எல்லாம் மனுஷன் குடைஞ்சது. தானா உண்டான குகைக்குள்ள போகணும்னு ஆசை. குணா குகைன்னு ஒரு கட்சி, ஆந்திராவுல பெலும்னு இன்னொரு கட்சி. சனி, ஞாயிறு போதுமா? பைக் ஹெல்மெட்டும் செல்போன் டார்ச்சும் இருந்தா சமாளிக்கலாமா?

சுண்ணாம்புக்கல்:
குணா குகையை முதல்ல லிஸ்ட்ல இருந்து அடிச்சிடுங்க. அது பாறை பிளந்து உண்டான ஆழமான வெடிப்பு. வேலி போட்டிருக்கு, வெளியே நின்னு பார்க்கலாம், அவ்வளவுதான்.

நம்ம பக்கம் ஏன் நீளமான குகை இல்லைன்னா, இங்க இருக்கிறது கருங்கல். மழைத்தண்ணி மண்ணுல இருக்கிற கரியமில வாயுவைச் சேர்த்துக்கிட்டு லேசான அமிலமா இறங்கும். அது சுண்ணாம்புப் பாறையைக் கரைக்கும், கருங்கல்கிட்ட பலிக்காது. அதனால நமக்குக் கிடைக்கிறது பாறை இடுக்கும் பொந்தும்தான். ஒரே நாள்ல முடியணும்னா சித்தன்னவாசல் ஏழடிப்பட்டம் போங்க, புதுக்கோட்டையில இருந்து சுமார் 16 கி.மீ. இயற்கைக் குகைத்தளம், வழவழன்னு தேய்ச்ச சமணப் படுக்கைகள், தமிழ் பிராமிக் கல்வெட்டு எல்லாம் இருக்கு. காலையிலேயே ஏறிடுங்க, மதியம் பாறை கால் வைக்க முடியாம கொதிக்கும்.

பெலும் நிஜமான சுண்ணாம்புக் குகை. நந்தியால் மாவட்டம், 3,229 மீட்டர் நீளம், சுமார் ஒன்றரை கி.மீ. மட்டும் பொதுமக்களுக்குத் திறந்திருக்கு. பாதாளகங்கைங்கிற இடம்தான் ஆழம், சுமார் 46 மீட்டர். ரோட்டுல போனா ஒருவழியே சுமார் 700 கி.மீ. வரும், ரெண்டு நாள்ல வண்டி ஓட்டுறதுலயே உயிர் போயிடும். வெள்ளி ராத்திரி ரயில் பிடிச்சு சென்னை, அங்கிருந்து மும்பை தடத்துல பெலும் பக்கத்துல இருக்கிற தாடிபத்ரி. சனி அங்க தங்கிட்டு ஞாயிறு காலை குகை. திங்கக்கிழமை லீவு போட்டே ஆகணும். கோடையில அந்தப் பக்கம் தலைகாட்டாதீங்க, டிசம்பர், ஜனவரிதான் சுகம்.

ஆத்தங்குடி டைல்ஸ்:
சாமான் விஷயத்துக்கு வரேன். பைக் ஹெல்மெட் வேண்டாம். காது அடைக்கும், கழுத்து வலிக்கும், மேல பார்க்க முடியாது. மலையேறுறவங்க போடுற லேசான ஹெல்மெட், தாடைப் பட்டி உள்ளது வாங்குங்க. பட்டி இல்லாத கட்டட வேலைத் தொப்பி முதல் தடவை குனியும்போதே கழண்டு விழும்.

செல்போன் டார்ச் கணக்குலயே வராது. ஒரு கையைப் பிடிச்சு வச்சுக்கும், ஈரக் கைக்குத் திரை வேலை செய்யாது. பெலும் பாதையில லைட் போட்டிருக்காங்கதான், கரண்டு போச்சுன்னா உள்ளங்கைகூடத் தெரியாது. அங்க ஆளுக்கு ஒரு ஹெட் டார்ச், பாக்கெட்டுல ஒரு சின்ன டார்ச், மாத்து பேட்டரி போதும். லைட் இல்லாத குகைன்னா ஆளுக்கு மூணு தனித்தனி வெளிச்சம்ங்கிறது உலகம் பூரா குகைக்காரங்க கடைப்பிடிக்கிற விதி. ஹெட் டார்ச்சோட எலாஸ்டிக் ஹெல்மெட்ல வழுக்கும், நாலு இடத்துல கேபிள் டை போட்டுக் கட்டிடுங்க. பயணத்துல பைக்குள்ள சுவிட்ச் அமுங்கி பேட்டரி தீர்ந்துபோறது ரொம்பச் சகஜம். பேட்டரியைக் கழட்டித் தனியா வச்சா எரியாது.

உள்ள புழுக்கம் அதிகம். ஜீன்ஸ் வேர்வையில நனைஞ்சு கனக்கும், சீக்கிரம் காயுற டிராக் பேன்ட் நல்லது. ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி, ஓஆர்எஸ் பாக்கெட். எங்கேயாவது ஊர்ந்து போற மாதிரி இருந்தா டைல்ஸ் ஒட்டுறவங்க கட்டுற முழங்கால் பேடை ஹார்டுவேர் கடையில வாங்கிக்குங்க, அதுக்குன்னு தனியா விக்கிறதைவிட மலிவு.

வீட்டுல மணகோலம், சீப்புச் சீடைன்னு பலகாரம் கட்டிக் கொடுப்பாங்க. ரயிலோட தீர்த்துடுங்க. உதிர்ற தூள் உள்ள விழுந்தா பூஞ்சை பிடிக்கும், பூச்சி சேரும்.

கோட்டையூர்க்காரன்:
நன்றி அண்ணே. உள்ள காத்து பத்தாமப் போகுமா? வௌவால் பயமும் இருக்கு. கயிறு வாங்கணுமா?

சுண்ணாம்புக்கல்:
பெலும்ல காத்துக்கு ஏற்பாடு இருக்கு. வேற குகையில தாழ்வான குழிதான் ஆபத்து, கரியமில வாயு கனமானது, அடியில தேங்கும். கிணத்துக்குள்ள விளக்கு இறக்கிப் பார்க்கிற நம்ம ஊர் வழக்கத்தை அப்படியே நம்பாதீங்க. சுடர் எரியும்போதே மனுஷனுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சிருக்கும். சும்மா நிக்கும்போதே மேல்மூச்சு, தலைவலின்னா உடனே மேல ஏறிடணும், காரணம் ஆராயக் கூடாது.

வௌவால் கடிக்கிறதைவிட அதோட எச்சம்தான் பிரச்சினை. காய்ஞ்ச தூள்ல இருக்கிற பூஞ்சை நுரையீரலைத் தாக்கும். எச்சம் குவிஞ்ச இடம்னா என்95 மாஸ்க் போடுங்க, காலால கிளறாதீங்க.

தொங்குற சுண்ணாம்பு விழுதைத் தொட வேண்டாம். கையில இருக்கிற எண்ணெய்ப் பசை ஒட்டினா அந்த இடத்துல படிவு சரியா ஒட்டாது, கறுத்தும் போகும்.

ஆத்தங்குடி டைல்ஸ்:
கயிறு வேண்டவே வேண்டாம் தம்பி. கடையில கிடைக்கிற நைலான் கயிறு ஆள் தொங்கறதுக்கானது இல்ல, பாறை விளிம்புல ரெண்டு தேய்ப்புல அறுந்துடும். அதுக்குன்னு இருக்கிற கயிறும் பழகாதவங்க கையில ஆபத்துதான். அந்தக் காசுல எல்லாருக்கும் நல்ல ஹெட் டார்ச்சா வாங்குங்க. வீட்டுல ஒருத்தர்கிட்ட எத்தனை மணிக்கு வெளியே வருவீங்க, எத்தனை மணி வரைக்கும் போன் வரலைன்னா யாரைக் கூப்பிடணும்னு பேப்பர்ல எழுதிக் கொடுத்துட்டுக் கிளம்புங்க.