ஹிசென் ஹப்ரே வழக்கில் பல நாட்டு வழக்கறிஞர்கள் இணைந்தது எப்படி?

கேள்வி:
சாட் நாட்டின் முன்னாள் அதிபர் ஹிசென் ஹப்ரேவுக்கு 2016 மே 30 அன்று செனகலில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டதாகப் படித்தேன். ஒரு நாட்டில் நடந்த சித்திரவதையை வேறொரு நாட்டு நீதிமன்றத்தில் நிரூபிக்க, வழக்கறிஞர்கள் பணியை எவ்வாறு பகிர்ந்துகொண்டார்கள் என்று சட்ட மாணவியாகிய எனக்கு யாரேனும் விளக்க இயலுமா?

பதில் 1:
1998-இல் சிலி நாட்டின் முன்னாள் சர்வாதிகாரி பினோசே லண்டனில் கைதானதே ஹப்ரே ஆட்சியில் பாதிக்கப்பட்டோருக்கும் அவர்களது வழக்கறிஞர்களுக்கும் துணிவளித்தது. 1990-இல் ஆட்சியை இழந்த ஹப்ரே செனகல் தலைநகர் டாக்காரில் வசித்ததால், பாதிக்கப்பட்டோர் 2000-இல் அங்கேயே புகார் அளித்தனர். சாட் வழக்கறிஞர் ஜாக்லின் முதேனா உள்ளூரில் அவர்கள் தரப்பை நடத்தினார். 2001-இல் அவர்மீது கையெறி குண்டு வீசப்பட்டுக் காயமடைந்தும் அவர் விலகவில்லை. அமெரிக்க வழக்கறிஞர் ரீட் பிராடி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பின் சார்பில் உடன் நின்றார். ஹப்ரேயின் அரசியல் காவல்துறை விட்டுச்சென்ற ஆயிரக்கணக்கான ஆவணங்கள் அவ்வாண்டு கிடைத்தன. என் பார்வையில் வழக்கின் முதுகெலும்பு அவைதான்.

பதில் 2:
பெல்ஜியத்தை மறந்துவிடக் கூடாது. செனகல் நீதிமன்றங்கள் தமக்கு அதிகாரமில்லை என்று கைவிரித்தபோது, பிரஸ்ஸல்ஸில் அளித்த புகாரே வழக்கை உயிரோடு வைத்திருந்தது. செனகல்மீது பெல்ஜியம் தொடுத்த வழக்கில், ஹப்ரேவைச் செனகல் தாமதமின்றி விசாரிக்க வேண்டும், இல்லையேல் நாடுகடத்த வேண்டும் என்று சர்வதேச நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்தது. அதன் பிறகே ஆப்பிரிக்க ஒன்றியமும் செனகலும் சேர்ந்து அமைத்த சிறப்பு நீதிமன்றம் செயல்படத் தொடங்கியது.

பதில் 3:
இழப்பீடு தனிக்கதை. 2021-இல் ஹப்ரே இறந்தபோதும், நீதிமன்றம் அறிவித்த தொகை பாதிக்கப்பட்டோரின் கைக்கு வந்திருக்கவில்லை.