ஆறு வருட அனுபவம் இருக்கிறது, இனிமேல் குழந்தை வளர்ச்சி படிப்பதில் பயன் உண்டா?

தளிர்:
குழந்தைகள் காப்பகத்தில் ஆறு வருடமாக உதவியாளராக இருக்கிறேன். ஒன்றரை முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகள் என் பொறுப்பு. பொறுப்பாசிரியர் வேலைக்கு இரண்டு முறை விண்ணப்பித்தேன், இரண்டு முறையும் படிப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கைப்பழக்கத்தில் தெரியாததைப் புத்தகம் என்ன சொல்லித்தந்துவிடும் என்றுதான் இருந்தேன். ஆனால் போன வாரம் ஒரு அம்மா, "பையனுக்கு இரண்டு வயசாகிறது, யாரோடும் சேர்ந்து விளையாட மாட்டேன் என்கிறான், ஏதாவது குறையா?" என்று கேட்டார். "போகப் போகச் சரியாகிவிடும்" என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை. அதிலிருந்து மனசே சரியில்லை.

மணல்வீடு:
அந்த அம்மா கேட்ட கேள்விக்குத்தான் படிப்பு வேண்டும். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் 1932-லேயே எழுதியிருக்கிறார்: இந்த வயதில் பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் விளையாட்டை விளையாடுவார்கள், கூடி விளையாடுவது பின்னால்தான் வரும். நாளைக்கு அவனைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பக்கத்துப் பிள்ளை கட்டையை அடுக்கினால் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு அதே மாதிரி அடுக்குகிறானா? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, பிடித்த பொருளை விரல் நீட்டி உங்களுக்குக் காட்டுகிறானா? இதெல்லாம் இருந்தால் அம்மாவிடம் தைரியமாகப் பேசலாம். இல்லையென்றால் "சரியாகிவிடும்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள், மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கரும்பலகை:
படியுங்கள், ஆனால் குழந்தைகளோடு நேரடிப் பயிற்சி இல்லாத படிப்பில் சேராதீர்கள். எங்கள் பயிற்சியில் முதல் மாதம் முழுக்கக் கவனித்து எழுதுவது மட்டும்தான். "கோபத்தில் பொம்மையை எறிந்தான்" என்று எழுதினேன், ஆசிரியர் "கோபத்தில்" என்பதை அடித்துவிட்டார். "எறிந்தான், உடனே என் முகத்தைப் பார்த்தான், மறுபடி எறிந்தான்" என்று திருத்தி எழுதியபோதுதான் புரிந்தது, நான் என்ன செய்வேன் என்று அவன் சோதித்துப் பார்த்திருக்கிறான். அதுவரை எத்தனை பிள்ளைகளை முரடு என்று நினைத்திருப்பேனோ!

இன்னொன்று, குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜே சொன்னதோடு பாடம் நின்றுவிடக் கூடாது. மறைத்த பொருளைக் குழந்தை தேடுவது எட்டு மாதம் வாக்கில்தான் என்று அவர் பார்த்தார். 1985-ல் ரெனே பையர்ஜோன் என்ற ஆய்வாளரும் உடனிருந்தவர்களும், மறைந்த பொருள் அங்கேயே இருக்கிறது என்பது ஐந்து மாதக் குழந்தைக்கே தெரிகிறது என்று காட்டினார்கள். இந்த மாதிரித் திருத்தங்களையும் சொல்லித்தரும் இடமா என்று பாருங்கள்.

மணல்வீடு:
பணம் கட்டும் முன், அந்தச் சான்றிதழைப் பொறுப்பாசிரியர் வேலைக்கு ஏற்றுக்கொள்வார்களா என்று வேலை கொடுப்பவரிடமே கேட்டுவிடுங்கள். என் தோழி ஒருத்தி படித்து முடித்த பிறகுதான் அது செல்லாது என்று தெரிந்துகொண்டாள். ஆறு வருட அனுபவத்துக்கு ஏதாவது பாடம் குறைப்பார்களா என்பதையும் கேளுங்கள், சில இடங்களில் உண்டு.

தளிர்:
இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இன்று அரை மணி நேரம் நோட்டோடு உட்கார்ந்தேன். பக்கத்துப் பாப்பா சிவப்பு வாளியை எடுத்ததும் அவனும் ஒரு சிவப்பு வாளியைத் தேடி எடுத்தான், அப்புறம் அதை என்னிடம் தூக்கிக் காட்டினான். அம்மாவிடம் சாயங்காலம் சொன்னேன். விண்ணப்பப் படிவமும் வாங்கிவிட்டேன்.