பேரி பாண்ட்ஸ் ஏமாத்துனாரா இல்லையா? பேஸ்பால் ஸ்டீராய்டு கதை தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க

வாசு_ஃப்ரீமாண்ட்:

வணக்கம் மக்களே. இங்க வந்து ஆறு வருஷம் ஆச்சு, பேஸ்பால் பக்கம் தலை வச்சு படுத்ததே இல்ல, போன வாரம் டீம் அவுட்டிங்னு சான் ஃபிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் மேட்சுக்கு இழுத்துட்டு போயிட்டாங்க. ஸ்டேடியம் செம. வலது பக்க சுவருக்கு அந்தாண்ட நேரா கடல் தண்ணி, அதுல நாலஞ்சு பேர் கயாக் படகுல கையில வலையோட மிதந்துக்கிட்டு இருக்காங்க, எவனாவது அடிச்சு பந்து வந்து விழுமான்னு. மேட்சை விட அவங்களத்தான் நான் அதிகமா பாத்தேன்.

விஷயம் என்னன்னா அங்க 25-ன்னு ஒரு ஜெர்சி நம்பர் மாட்டி வச்சிருக்காங்க, யாருதுன்னு தெரியாம கேட்டுத் தொலைச்சேன். எங்க மேனேஜர், அம்பத்தஞ்சு வயசு, "பேரி பாண்ட்ஸ், இவனை மாதிரி ஒருத்தன் பொறந்ததும் இல்ல பொறக்கப்போறதும் இல்ல"ங்கறார், பக்கத்துல இருந்த இன்னொருத்தர் "திருட்டுப்பய, ஊசி போட்டு அடிச்சவன்"ங்கறார். அவ்வளவுதான், மிச்ச மேட்ச் பூரா ரெண்டு பேரும் பேசிக்கல. எனக்கு ஒண்ணும் புரியல. பந்தை பாத்து டைமிங்ல அடிக்கிற விளையாட்டுல ஸ்டீராய்டு போட்டா என்ன ஆகப்போகுது, கண்ணுக்கா ஊசி போட முடியும்? அப்புறம் இத்தனை பேர் எடுத்தாங்கன்னா அப்ப யாருமே கவனிக்கலையா? தெரிஞ்சவங்க பொறுமையா சொல்லுங்க, கூகுள் பண்ணுன்னு மட்டும் சொல்லாதீங்க ப்ளீஸ்.

மணி_எடிசன்:

தம்பி, சரியான எடத்துலதான் கை வச்சிருக்கீங்க. நான் 97-ல வந்தவன், அந்த கூத்தை நேர்ல பாத்தவன்.

மொதல்ல 94-ல இருந்து ஆரம்பிக்கணும். அந்த வருஷம் பிளேயருங்க ஸ்ட்ரைக், வேர்ல்டு சீரிஸ்னு சொல்ற ஃபைனலே நடக்கல. ஜனங்க கடுப்பாகி ஸ்டேடியம் பக்கம் வரதே கொறஞ்சு போச்சு. அப்புறம் 98-ல மார்க் மெக்வயர், சாமி சோசான்னு ரெண்டு பேர் போட்டி போட்டு ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி, பந்தை சுவர் தாண்டி அடிக்கறது) அடிக்க ஆரம்பிச்சாங்க பாருங்க, ஊரே பைத்தியம் புடிச்சு அலைஞ்சுது. 1961-ல ரோஜர் மேரிஸ் அடிச்ச 61 தான் அது வரைக்கும் ஒரு சீசன்ல ரெக்கார்டு, அந்த வருஷம் மெக்வயர் 70, சோசா 66. பேஸ்பாலே தெரியாத நானும் என் ரூம்மேட்டும் டிவி முன்னாடி உக்காந்து இன்னிக்கு எத்தனைன்னு எண்ணுவோம்.

யாரும் கவனிக்கலையான்னு கேட்டீங்கள்ல. கவனிச்சாங்க! அதே ஆகஸ்ட் மாசம் ஏபி செய்தி நிறுவனத்து நிருபர் ஒருத்தர் மெக்வயரோட லாக்கர்ல ஆண்ட்ரோஸ்டீன்டையோன்னு ஸ்டீராய்டு மாதிரி ஒரு மருந்து பாட்டில் இருக்கறதை பாத்து எழுதிட்டார். அப்ப அது கடையில யார் வேணா வாங்கலாம், பேஸ்பால்ல தடையும் இல்ல. என்ன நடந்துச்சு தெரியுமா, பாட்டிலை விட்டுட்டு நிருபரை புடிச்சுக்கிட்டாங்க, அடுத்தவன் லாக்கரை எப்படி எட்டிப் பாக்கலாம்னு. கல்லா நிறையும்போது யாரு கேள்வி கேப்பா.

கணக்கு ஒண்ணு சொல்றேன். 98-க்கு முன்னாடி ஒரு சீசன்ல 60-ம் அதுக்கு மேலயும் அடிச்சது பேப் ரூத் 1927-ல, மேரிஸ் 1961-ல. அவ்வளவுதான். அப்புறம் 98-ல இருந்து 2001-க்குள்ள நாலே வருஷத்துல ஆறு தடவை! கடைசியா வந்தவர்தான் உங்க பாண்ட்ஸ், 2001-ல 73. அப்ப அவருக்கு வயசு 37.

கிரிக்கெட்_வெறியன்:

37 வயசுல 73 ஆ? நம்ம ஆளுங்க 37-ல கமெண்டரி பாக்ஸ்ல உக்காந்துடுவாங்க 😂

ஆனா ஒண்ணு, நம்மளும் ரொம்ப யோக்கியம் மாதிரி பேசக்கூடாது. 2003 வேர்ல்டு கப் ஞாபகம் இருக்கா, ஷேன் வார்னை மொத மேட்சுக்கு முன்னாடியே வீட்டுக்கு அனுப்புனாங்க, அம்மா குடுத்த மாத்திரைன்னு சொன்னாரே. ஒரு வருஷம் தடை. அது ஸ்டீராய்டு இல்ல, சிறுநீரை அதிகமா போக வைக்கிற மாத்திரை, ஆனா மத்ததை மறைக்க உதவும்னு அதையும் தடை லிஸ்ட்ல வச்சிருக்காங்க. பேஸ்பால்ல ராபின்சன் கனோன்னு ஒரு பெரிய கை, 2018-ல அதே வகையறா மாத்திரையில மாட்டி 80 மேட்ச் போச்சு, திருந்துனாரா, 2020-ல நேரா ஸ்டீராய்டுலயே மாட்டி அடுத்த சீசன் முழுசா போச்சு.

டாக்டரம்மா:

வாசுவோட மொத கேள்விக்கு நான் வரேன். ஹார்மோன் சம்பந்தப்பட்ட வைத்தியம்தான் என் வேலை, பேஸ்பால் என் வீட்டுக்காரர் டிபார்ட்மென்ட்.

கண்ணுக்கு ஊசி போட முடியாதுதான். பந்து எறியற பிட்சர் நிக்கறதுக்கும் பேட்டருக்கும் நடுவுல அறுபது அடி சொச்சம், பந்து அரை செகண்டுக்குள்ள வந்துடும், அதை கணிக்கிற திறமையை எந்த மருந்தும் தராது. ஆனா மட்டை வேகமா சுத்துச்சுன்னா கொஞ்சூண்டு நேரம் கூடுதலா பந்தை பாத்துட்டு சுத்தலாம். டஃப்ட்ஸ் யுனிவர்சிட்டில ஒரு இயற்பியல் பேராசிரியர் கணக்கு போட்டுப் பாத்தார், தசை பத்து சதவீதம் கூடுனா மட்டை வேகம் அஞ்சு சதவீதம் கூடும், அடிபட்ட பந்தோட வேகம் நாலு சதவீதம் கூடும். நாலு தானேன்னு தோணும், ஆனா ஏற்கனவே நல்லா அடிக்கிற ஆளுக்கு அதுல ஹோம் ரன் பாதிக்குப் பாதி கூடிடலாம். ஏன்னா எல்லைகிட்ட கேட்ச் ஆகிட்டு இருந்த பந்தெல்லாம் சுவரைத் தாண்டி விழ ஆரம்பிச்சுடும்.

இன்னொண்ணும் இருக்கு. ஒரு சீசனுக்கு 162 மேட்ச், ஆறு மாசம் கிட்டத்தட்ட தினமும் ஆட்டம். உடம்பு தேய்மானத்துல இருந்து சீக்கிரம் மீண்டு வரணும், அதுக்குத்தான் பிட்சருங்களும் எடுத்தாங்க. சும்மா ஊசி போட்டுட்டு படுத்துக் கிடந்தாலும் தசை கொஞ்சம் ஏறும், ஆனா முழுப் பலன் வேணும்னா ஜிம்ல சாகணும். நேத்து பண்ண அதே கனமான ஒர்க்கவுட்டை இன்னிக்கும் பண்ண முடியும், அதான் விஷயம்.

இப்ப விலை என்னன்னு பாருங்க. இந்த ஸ்டீராய்டெல்லாம் டெஸ்டோஸ்டிரான்ங்கற ஆண் ஹார்மோன் வகையறாதான், வெளியில இருந்து அது உள்ள போனதும் மூளை "ஓ, சரக்கு ஏகமா இருக்கு"ன்னு விதைக்கு அனுப்பற ஆர்டரை நிறுத்திடும். ஆர்டர் இல்லன்னா ஃபேக்டரி மூடிடும், விதை சுருங்கும், விந்தணு கொறையும். உள்ள போனதுல ஒரு பங்கு பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனா மாறி மார்பு பெருக்கும். தொடர்ந்து கொஞ்ச வாரம் போட்டு ஒரு ரவுண்டு முடிச்சு நிறுத்துனா ஃபேக்டரி உடனே தொறக்காது, மாசக்கணக்குல ஆகும், அந்த இடைவெளியிலதான் சோர்வு, மன அழுத்தம் எல்லாம் வந்து உக்காரும். அதனாலதான் மேனி ராமிரெஸ்னு ஒரு பேட்டர் 2009-ல மாட்டுனப்ப சம்பந்தமே இல்லாம பெண்களுக்கு கருத்தரிக்க குடுக்கற எச்சிஜி மருந்து பேர் அடிபட்டுச்சு. மூடுன ஃபேக்டரியை திரும்ப ஸ்டார்ட் பண்ண அதைத்தான் போடுவாங்க. அவருக்கு 50 மேட்ச் தடை.

இதயத்தோட இடது பக்க சுவர் தடிக்கும், நல்ல கொழுப்பு கொறைஞ்சு கெட்டது ஏறும், மாத்திரையா முழுங்கறதுல லிவரும் அடி வாங்கும். தசை பலமாகற வேகத்துக்கு தசைநாண் ஈடு குடுக்காது, அதனால பிஞ்சு போறதும் உண்டு.

சான் டியாகோவுல கென் கேமினிட்டின்னு ஒருத்தர். 96-ல தோள்பட்டை கிழிஞ்ச நிலைமையில எல்லை தாண்டி டிஹுவானா போய் மருந்து வாங்கிட்டு வந்து, அந்த வருஷம் 40 ஹோம் ரன் அடிச்சு எம்விபி, அதாவது லீக்லயே அந்த சீசனோட சிறந்த ஆட்டக்காரர் விருது, வாங்குனார். 2002-ல பத்திரிகைக்கு தன் வாயாலயே ஒத்துக்கிட்டார், உடம்புல டெஸ்டோஸ்டிரான் இருக்கவேண்டியதுல 20 சதவீதத்துக்கு இறங்கிடுச்சாம். 2004-ல செத்துட்டார், 41 வயசு. அது போதைப்பொருளால வந்த சாவு, ஸ்டீராய்டு மேல முழுப்பழியும் போட முடியாது, ஆனா இதயம் வீங்கி இருந்தது.

வாசு_ஃப்ரீமாண்ட்:

மேடம் கும்புடுறேன், இவ்வளவு தெளிவா யாரும் சொல்லல. சரி மணி அண்ணே, பாண்ட்ஸ் எடுத்தாரா எடுக்கலையா?

மணி_எடிசன்:

தெரிஞ்சு எடுக்கவே இல்லன்னு அவர் இன்னிக்கு வரைக்கும் சொல்றார். ஃப்ரீமாண்ட்ல இருக்கீங்க, 101-ல சான் ஃபிரான்சிஸ்கோ ஏர்போர்ட்டுக்கு கொஞ்சம் முன்னாடி பர்லிங்கேம் வரும்ல, அங்கதான் பால்கோன்னு ஒரு கம்பெனி. வெளியில பாத்தா சத்து மாத்திரை விக்கறவங்க, உள்ள டெஸ்ட்லயே தெரியாத மாதிரி தயாரிச்ச ஸ்டீராய்டு, பேரு "க்ளியர்", நாக்குக்கு அடியில விட்டுக்கற சொட்டு. தடவிக்க ஒரு "க்ரீம்". 2003-ல ஒரு ஓட்டப்பந்தய கோச் யூஸ் பண்ண சிரிஞ்சை ஊக்கமருந்து தடுப்பு ஆபீசுக்கு அனுப்பி விட்டுட்டார், லாஸ் ஏஞ்சல்ஸ்ல லேப்ல வச்சு என்ன மருந்துன்னு கண்டுபுடிச்சுட்டாங்க. அதை தயாரிச்ச கெமிஸ்ட் யாருன்னா, மெக்வயர் லாக்கர்ல இருந்துச்சே ஆண்ட்ரோ, அதை இந்த ஊர் மார்க்கெட்டுக்கு கொண்டு வந்த அதே ஆள்! பாண்ட்ஸ் கோர்ட்டு விசாரணையில என்ன சொன்னார்னா, ட்ரெய்னர் குடுத்தது ஆளி விதை எண்ணெய்னும் மூட்டு வலி தைலம்னும் நெனச்சேன்னு. நம்ம ஊர் தைலம் தடவிக்கிட்டு நானும் இருக்கேன், ஒரு பல்லாங்குழி கூட ஜெயிச்சதில்ல. அந்த ட்ரெய்னர் வாயே தொறக்காம ஒரு வருஷத்துக்கு மேல ஜெயில்ல இருந்தார். விசாரணைக்கு இடைஞ்சல் பண்ணார்னு பாண்ட்ஸ் மேல இருந்த கேஸ்ல 2011-ல குற்றவாளின்னு தீர்ப்பு வந்து 2015-ல மேல்முறையீட்டுல அந்தத் தீர்ப்பும் ரத்து.

எனக்கு வயித்தெரிச்சல் அது கூட இல்ல தம்பி. அந்த மனுஷன் 98 சீசன் முடியும்போதே 411 ஹோம் ரன், மூணு எம்விபி. அதோட நின்னிருந்தா கூட, பேஸ்பால் ஜாம்பவான்களை சேத்துக்கற ஹால் ஆஃப் ஃபேம்ல கண்ணை மூடிட்டு எடம். கெடைச்ச மரியாதை பத்தாம போச்சு போல. 2004-ல எல்லா டீமும் இவரைப் பாத்து பயந்து வேணும்னே 120 தடவை பந்தை எட்டாம போட்டு சும்மா முதல் பேஸுக்கு நடக்க விட்டாங்க, அடிக்கவே விடல.

ப்ராங்க்ஸ்_பாலா:

எல்லாரும் பெரிய தலைகளைப் பத்தியே பேசறீங்க. டெஸ்ட் மொதல்ல யாருக்கு வந்துச்சு தெரியுமா? 2001-ல, கீழ் லீக் பசங்களுக்கு. பஸ்ல போய் பஸ்ல வந்து சொற்ப சம்பளத்துல ஆடறவங்க, அவங்களுக்கு அப்ப யூனியன் கெடையாது, அதனால பேஸ்பால் தலைமை நிர்வாகியான கமிஷனர் நெனச்சதும் கொண்டு வந்துட்டார். கோடி கோடியா வாங்கறவங்களுக்கு யூனியன் இருந்துச்சு, 2003-ல பேர் போடாம ஒரு கணக்கெடுப்பு டெஸ்ட் மட்டும், அதுல மாட்டுனவங்க அஞ்சு சதவீதத்தை தாண்டுனதாலதான் 2004-ல நெஜ டெஸ்ட்டே வந்துச்சு. 2005-ல மொத தடவை மாட்டுனா பத்து நாள். பத்தே நாள்! பால்மெய்ரோன்னு ஒரு பெரிய பேட்டர் அந்த மார்ச்ல அமெரிக்க காங்கிரஸ் முன்னாடி விரலை நீட்டி நான் தொட்டதே இல்லன்னார், ஆகஸ்ட்ல ஸ்டீராய்டுல மாட்டுனார். இப்ப 80 மேட்ச், அப்புறம் 162, மூணாவது தடவை ஆயுள் தடை.

என் கூட வேலை பாக்கற டொமினிகன் நண்பன் சொல்லுவான், அவங்க ஊர்ல 16 வயசுல கையெழுத்து வாங்கற சிஸ்டம், பையனை வளத்து விடற லோக்கல் ட்ரெய்னருக்கு போனஸ்ல பங்கு. 16-ல வேகமா எறியலன்னா கதை முடிஞ்சுது, அப்ப எவனாவது வைட்டமின்னு சொல்லி ஊசியை நீட்டுனா பையன் என்ன பண்ணுவான். அவனோட அத்தை பையனே 17 வயசுல மாட்டி வீட்டுக்கு வந்துட்டான், இப்ப மோட்டார்சைக்கிள் டாக்சி ஓட்டறான். அதே ஊர்ல இருந்து வந்த ஸ்டார் டேட்டிஸ் ஜூனியர் 2022-ல மாட்டுனப்ப படர்தாமரை மருந்துன்னார், 80 மேட்ச் உக்காந்துட்டு திரும்ப வந்து கைத்தட்டல் வாங்கறார். அந்த அத்தை பையனுக்கு யாரும் கைத்தட்டல.

கிரிக்கெட்_வெறியன்:

அப்ப ஹால் ஆஃப் ஃபேம்ல யாருமே உள்ள போகலையா?

மணி_எடிசன்:

ஓட்டுல 75 சதவீதம் வேணும், பத்து வருஷம் டைம். பாண்ட்ஸ் 2022-ல கடைசி வாய்ப்புல 66-ல நின்னுட்டார், பிட்சர் ரோஜர் கிளமன்ஸும் கிட்டத்தட்ட அதே. அதே வருஷம் டேவிட் ஓர்டிஸ்னு ஒரு பேட்டர் மொத தடவையிலயே உள்ள. 2003 கணக்கெடுப்புல மாட்டுன லிஸ்ட்ல அவர் பேரும் இருந்ததா பேப்பர்ல வந்துச்சு, தெரிஞ்சு எடுக்கலன்னு அவரும் சொன்னார். சிரிச்ச முகத்துக்கு ஓட்டு விழும் தம்பி. இந்த கூத்தெல்லாம் நடந்தப்ப கமிஷனரா இருந்த பட் சீலிக் 2017-லயே உள்ள போயாச்சு.

உச்சகட்ட காமெடி, ஹாங்க் ஆரனோட வாழ்நாள் ரெக்கார்டான 755 ஹோம் ரனை தாண்டி பாண்ட்ஸ் அடிச்ச 756-வது பந்து. ஒரு ஃபேஷன் டிசைனர் ஏழரை லட்சம் டாலருக்கு ஏலத்துல எடுத்து, என்ன பண்ணலாம்னு நெட்ல ஓட்டு நடத்தி, சந்தேகமான ரெக்கார்டுன்னு காட்டற நட்சத்திரக் குறியை அது மேல பொறிச்சு ஹால் ஆஃப் ஃபேமுக்கே குடுத்துட்டார். பந்து உள்ள இருக்கு, அடிச்சவர் வெளிய நிக்கறார்.

ஸ்டெல்லா_டல்லாஸ்:

நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும். என் பையன் பத்தாவது, ஸ்கூல் பேஸ்பால் டீம் செலக்‌ஷனுக்கு ரெடி ஆகறான், ஏதோ டப்பா டப்பாவா பவுடர் வாங்கி வச்சிருக்கான், கேட்டா புரோட்டீன்மாங்கறான். பயமா இருக்கு டாக்டர் மேடம்.

டாக்டரம்மா:

ஸ்டெல்லா, பால்ல இருந்து எடுக்கற வெறும் வே (whey) புரோட்டீன்னா பெரும்பாலும் பயமில்ல. ஆனா டப்பாவுல என்ன எழுதியிருக்கோ அதுதான் உள்ள இருக்குன்னு நம்ப முடியாது, சிலதுல ஸ்டீராய்டு மாதிரி சாமான் கலந்து வரும். வளர்ற வயசுல அது உள்ள போனா எலும்பு வளர்ற முனை சீக்கிரமே மூடிக்கும், உயரம் அதோட நின்னுடும். "என்எஸ்எஃப் சர்ட்டிஃபைட் ஃபார் ஸ்போர்ட்"னு முத்திரை இருக்கான்னு பாருங்க, மேஜர் லீக் டீமுங்களே பிளேயருக்கு அந்த முத்திரை இருக்கறதைத்தான் குடுக்கறாங்க. திடீர்னு முதுகுல பரு, எரிச்சல், கொஞ்ச மாசத்துல உடம்பு ஏறுறதுன்னு ஏதாவது தெரிஞ்சா திட்டாம கூட்டிட்டு போய் ரத்த டெஸ்ட் எடுங்க. டப்பாவை ஃபோட்டோ புடிச்சு இங்க போடுங்க, நைட் ட்யூட்டி முடிச்சுட்டு பாக்கறேன்.